‘பியூகிள் ஹார்ன்’: கருவிக்கு முன்னால் நிற்கும் அந்த ‘பியூகிள்’ யார்?

பனையோலை

ஆங்கிலப் பழம்பனுவல்களை மொழிபெயர்க்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல் இது. வேட்டைக்காரர் தோளில் தொங்கும் கருவியை ‘பியூகிள் ஹார்ன்’ என்று இரட்டைச் சொல்லாக எழுதுகிறார்கள். பியூகிளும் ஊதுவது, ஹார்னும் ஊதுவது. நம்மூரில் ‘நடு சென்டர்’ என்பதுபோல ஒன்றையே இரண்டு முறை சொல்கிறார்களா?

சொற்பிறப்பு பற்றி மூன்று விளக்கங்கள் கிடைக்கின்றன. ஒன்று, ஜெர்மன் ‘ப்யூகல்’, அதாவது வளைந்த கம்பி அல்லது வளையம். இரண்டு, ஆங்கில ‘புல்’, காளை. மூன்று, ரோமப் படையின் ‘பூக்கினா’ என்ற ஊதுகொம்பு. இவற்றில் எது சரி? தமிழில் இதை எப்படிப் பெயர்ப்பது?

செம்மண்

மூன்றும் சரியல்ல. ஆனால் மூன்றாவது விளக்கம் சரியான வீட்டின் அடுத்த வாசல்வரை வந்துவிட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

‘பியூகிள் ஹார்ன்’ என்ற தொடர் உருவானபோது பியூகிள் ஊதுகருவியின் பெயராக இருக்கவில்லை. அது ஒரு மாட்டின் பெயர். 1300-ஐ ஒட்டிய ஆங்கிலத்தில் பியூகிள் என்றால் காட்டெருது அல்லது எருமை. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பிரெஞ்சுக்கு அது இலத்தீன் ‘பூக்குலுஸ்’ என்பதிலிருந்து வந்தது. இலத்தீனில் ‘போஸ்’ என்றால் மாடு. அதன் குறுமை வடிவம் பூக்குலுஸ், இளங்காளை.

ஆகவே பியூகிள் ஹார்ன் என்றால் எருதுக் கொம்பு, அவ்வளவுதான். ‘மான்கொம்பு’, ‘யானைத்தந்தம்’ போல விலங்கையும் உறுப்பையும் சேர்த்துச் சொன்ன பெயர்.

பின்னால் இருந்த ஹார்ன் நாளடைவில் உதிர்ந்தது. அடைமொழி நின்று, அடைகொண்ட சொல் விழுந்துவிட்டது. ‘பத்தமடைப் பாய்’ என்பதைப் ‘பத்தமடை’ என்றும், ‘காஞ்சிபுரம் பட்டுப் புடவை’ என்பதைக் ‘காஞ்சிபுரம்’ என்றும் சொல்லி நிறுத்துகிறோமே, அந்த முறைதான். ஊரின் பெயர் பாயின் பெயரானது போல, மாட்டின் பெயர் கருவியின் பெயராயிற்று.

உதிர்ந்தது எப்போது என்பதற்கும் சான்று உண்டு. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ‘சர் கவெய்னும் பச்சை வீரனும்’ என்ற கவிதையில் வேட்டைக்குப் புறப்படும் காட்சியில் ‘பியூகிள்களில்’ மூன்று தனி ஒலிகள் ஊதுகிறார்கள். அங்கே ஹார்ன் என்ற சொல் ஒட்டவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் ஆங்கிலக் கவிஞர் சாசர் ‘ஃபிராங்க்ளின் கதை’யில் முழுத்தொடரையும் எழுதுகிறார். குளிர்காலத்தில் இரட்டைத் தாடி ஜேனஸ் என்ற ரோமத் தெய்வம் நெருப்போரம் அமர்ந்து ‘பியூகிள் ஹார்ன்’ கொண்டு திராட்சை மது குடிக்கிறது. ஊதுவதற்கில்லை, குடிப்பதற்கு!

இந்த ஒரு வரி போதும் பூக்கினா விளக்கத்தைத் தள்ளிவைக்க. பியூகிள் என்பது இசைக்கருவிப் பெயராகவே பிறந்திருந்தால் அதில் மது ஊற்றிக் குடிக்க முடியாது. எருதின் கொம்பாக இருந்தால் இரண்டும் முடியும். நுனியை அறுத்துத் துளையிட்டால் ஊதுகொம்பு, அறுக்காமல் விட்டால் குவளை.

காட்டுமல்லி

ஜெர்மன் விளக்கத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளலாமா? ‘ப்யூகல்ஹார்ன்’ என்ற சொல் ஜெர்மனில் உண்மையாகவே உண்டு. கருவியும் வளைந்துதான் இருக்கிறது. ‘பீகன்’ என்றால் வளைத்தல். ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்தும்போது மறுக்க என்ன காரணம்?

செம்மண்

நல்ல கேள்வி. ஒலியும் பொருளும் பொருந்துவது தொடக்கப்புள்ளி மட்டும். அதற்குப் பிறகு மூன்று சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது காலம். ஆங்கிலத்தில் 1300 வாக்கிலேயே பியூகிள் மாட்டைக் குறித்துவிட்டது. வளைவு என்ற பொருளில் அந்தச் சொல் ஆங்கிலத்தில் எங்கும் இல்லை. வளைவிலிருந்து கருவிக்கு வந்திருந்தால், நடுவில் அந்த மாடு எங்கிருந்து குறுக்கே வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது வழி. வேட்டைச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் நார்மன் பிரெஞ்சு வழியே கூட்டம் கூட்டமாக வந்தன. கவெய்ன் கவிதையில் வரும் ‘மோட்’, அதாவது கொம்பின் ஒற்றை ஒலி, பிரெஞ்சு ‘மோ’ என்ற சொல்தான். பிரெஞ்சில் எருதைக் குறித்த சொல் அதே கூட்டத்தோடு வந்ததில் வியப்பில்லை.

மூன்றாவது, சொல் தனியாக நிற்கும் இடங்கள். இதுதான் மிக வலுவான சோதனை. கூட்டுச்சொல்லின் ஒரு பாதி என்ன பொருள் என்று ஐயம் வந்தால், அந்தப் பாதி தனித்து வரும் இடத்தைத் தேட வேண்டும். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களுக்கு வில்லியம் டின்டேல் 1530-இல் அச்சிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் உபாகமம் 14:5-ஐப் பாருங்கள். உண்ணத்தக்க விலங்குகளின் பட்டியல் அது. மானுக்கு அடுத்தாற்போல ‘பியூகிள்’ மேய்கிறது. இலத்தீன் விவிலியத்தில் அதே இடத்தில் இருப்பது ‘பூபலுஸ்’. 1611-இன் ஆங்கில விவிலியத்தில் அந்த இடத்துக்கு ஒருவகை மான் வந்துவிட்டது. மூல எபிரேயச் சொல் எந்த விலங்கைக் குறித்தது என்பது வேறு விவாதம். நமக்கு வேண்டியது, 1530-லும் பியூகிள் நான்கு காலில் நின்றது என்பதுதான்.

‘புல்’ பற்றி: அது பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நார்ஸின் ‘போலி’ என்பதோடு தொடர்புடைய ஜெர்மானியச் சொல். பொருள் காளை என்பதால் நெருக்கம் தெரிகிறது, ஆனால் வேர் வேறு. தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் வட்டார வழக்கில் காளையைப் பியூகிள் என்றே சொல்லி வந்தார்கள். அங்கேயும் ‘புல்’ திரிந்து பியூகிள் ஆகவில்லை, பழைய பிரெஞ்சுச் சொல்தான் எஞ்சி நின்றது.

நடுவெழுத்து

ஒலி வழியை யாரும் தொடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பூக்குலுஸ் எப்படி பியூகிள் ஆனது?

அழுத்தம் முதல் அசையில். நடுவிலிருக்கும் குறில் உகரம் நழுவி ‘பூக்ல்’ ஆகிறது. இது வழக்கமான தேய்வு. ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. பேச்சுவழியே இயல்பாக இறங்கிய பிரெஞ்சுச் சொற்களில் இந்த ‘க்ல்’ யகரச் சாயலாகக் கரைந்துவிடும். இலத்தீன் ‘ஓக்குலுஸ்’, கண், பிரெஞ்சில் ‘ஓய்’ போல ஒலிக்கிறது. ‘அவுரிக்குலா’, காது, ‘ஓரேய்’ ஆகிவிட்டது. அந்த விதிப்படி பூக்குலுஸும் கரைந்து ‘புய்’ போல ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ககரம் கரையாமல் ஒலிப்புடைய ககரமாக (‘தங்கம்’ என்பதில் வரும் ககரம்போல) மட்டும் மாறி நின்றது.

இதே போக்கில் போன சொற்கள் வேறு சிலவும் உண்டு. கண்ணற்றவர் என்று பொருள்படும் ‘அவேக்ல்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குள்ளும் அதே ‘ஓக்குலுஸ்’தான் ஒளிந்திருக்கிறது, ஆனால் அங்கே ககரம் பிழைத்துக்கொண்டது. எழுத்தறிந்தவர் வாயில் பாதி இலத்தீனாகவே பிடித்துவைக்கப்பட்ட சொற்கள் இப்படித்தான் நிற்கும். தமிழில் ஒரே வடசொல் தற்சமமாகவும் தற்பவமாகவும் இரு வடிவில் நிற்பதை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும்.

இப்போது பூக்கினா. அதுவும் மாட்டுச் சொல்தான்! ‘போஸ்’ என்ற மாடும் ‘கனேரே’ என்ற பாடுதலும் சேர்ந்தது: மாட்டின் கொம்பால் பாடுவது. ஜெர்மனில் டிராம்போனைக் குறிக்கும் ‘பொசவுனே’ இதன் கொள்ளுப்பேத்தி. ஆக பூக்கினாவும் பியூகிளும் ஒரே பாட்டிக்குப் பிறந்த இரண்டு கிளைகள். ஒன்றிலிருந்து மற்றொன்று வரவில்லை. பூக்கினாவின் பின்பாதியில் ‘பாடு’ இருக்கிறது, பூக்குலுஸின் பின்பாதியில் வெறும் குறுமை விகுதி. செம்மண் சொன்ன ‘அடுத்த வாசல்’ இதுதான் என்று நினைக்கிறேன்.

செம்மண்

அதேதான்.

ஊதுகொம்பு

சொல்லைப் பார்த்தீர்கள், கொஞ்சம் பொருளையும் பார்ப்போம். வேட்டையாடியது பெரும்பாலும் மானை. மானுக்கும் கொம்பு உண்டு. அப்படியிருக்க, ஏன் எருதின் கொம்பு?

மானின் கொம்பு எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது, உள்ளே பஞ்சுபோன்ற திசு அடைத்திருக்கும். ஊத ஏற்ற குழி அதில் கிடையாது. மாட்டின் கொம்பு இருபடையானது. உள்ளே எலும்புக் கூம்பு, வெளியே நகத்தின் பொருளான கெரட்டின் உறை. உள்ளிருக்கும் எலும்பைக் கழற்றிவிட்டால் இயற்கையே செய்துவைத்த கூம்புக்குழல் கையில் வந்துவிடும்.

செய்முறை இப்படி. கொம்பைச் சில வாரம் நீரில் ஊறப்போட்டால் எலும்புக்கும் உறைக்கும் இடையிலுள்ள சவ்வு அழுகி, தட்டினால் எலும்பு கழன்றுவிடும். அவசரமென்றால் கொதிக்கவைக்கலாம். ஆனால் அதிகம் கொதித்தால் கெரட்டின் இளகி வாய்ப்பக்கம் கோணிவிடும். அடுத்து ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, குழி எங்கே முடிகிறது என்று அளந்து வெளியே குறிக்க வேண்டும். நுனிப்பக்கம் பெரும்பாலும் 5 முதல் 10 செ.மீ. வரை கட்டியாகவே இருக்கும். அந்தக் கட்டிப் பகுதியில், குறுக்களவு சுமார் 2 செ.மீ. இருக்கும் இடத்தில் அறுக்க வேண்டும். வெட்டுமுகத்தின் நடுவிலிருந்து 6 மி.மீ. துளை போட்டுக் குழியோடு சேர்ப்பது. பிறகு 16 முதல் 18 மி.மீ. அகலத்தில் கிண்ணம்போலக் குடைந்து, விளிம்பை உதடு உறுத்தாமல் தேய்ப்பது.

கெட்டுப்போகும் இடங்கள் நான்கு. கொம்பு வளைவதால் துளை நேரே போய்ப் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். கொம்பின் வளைவைப் பார்த்து, துளைக்கருவியின் முகத்தைக் குழியை நோக்கிச் சாய்த்தே தொடங்க வேண்டும். வேகமாகத் துளைத்தால் சூடேறி, முடி கருகும் நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தவுடன் நிறுத்தாவிட்டால் கெரட்டின் படலம் படலமாகப் பிரியும். நுனிக்கு மிக அருகே அறுத்தால் கிண்ணத்தின் விளிம்புக்குச் சதை போதாது. எங்காவது மயிரிழை வெடிப்பு இருந்தால் காற்று கசிந்து ஒலியே எழாது. இதைக் கண்டுபிடிக்கத் துளையை அடைத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தால் போதும்.

ஒலியைப் பொறுத்தவரை, 30 செ.மீ. கொம்பில் ஒரு சுரம், கைவந்தவருக்கு இன்னொன்று. அவ்வளவுதான். அதனால்தான் அக்கால வேட்டை ஒலிகள் ராகமாக இல்லாமல் நெடிலும் குறிலுமாகத் தாளத்தில் அமைந்தன. மூன்று நெடில் என்றால் ஒரு செய்தி, நெடிலும் இரு குறிலும் என்றால் வேறொரு செய்தி. இன்றைய பியூகிள் சுமார் 1.4 மீட்டர் குழாய். அதைச் சுருட்டி வைத்திருப்பதால் நீளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நீளத்தால்தான் அதில் ஐந்து சுரங்களைப் பயன்படுத்த முடிகிறது. காவலர் வீரவணக்க நாளில் ஒலிக்கும் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற அஞ்சலி இசை முழுவதும் அந்த ஐந்துக்குள்தான்.

பனையோலை

அப்படியானால் இடைக்காலத்தில் ஹார்ன் வேறு, பியூகிள் வேறு என்று பிரித்துப் பார்த்தார்களா?

ஊதுகொம்பு

பார்த்தார்கள். யார்க் கோமகன் எட்வர்ட் 1406-க்கும் 1413-க்கும் இடையில் ஆங்கிலத்தில் ஆக்கிய வேட்டை நூலில் கொம்பு வகைகளை வரிசைப்படுத்துகிறார். பியூகிள், வேட்டைக்காரர் கொம்பு, காவற்காட்டுக் கொம்பு எனத் தனித்தனிப் பெயர்கள். நல்ல வேட்டைக்கொம்பு இரு சாண் நீளம் இருக்க வேண்டும் என்கிறார். பச்சை மெழுகு பூசிய கொம்புக்கு ஒலி பெரிது என்றும் சொல்கிறார். ஆகவே அந்த நூலின் காலத்தில் பியூகிள் ஒரு வகைப்பெயராக நிலைத்துவிட்டது.

குடிக்கவும் ஊதவும் ஒரே கொம்பு என்று செம்மண் சொன்னதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ‘பியூசி ஹார்ன்’ இருக்கிறது. எருதுக் கொம்புக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிப்பட்டை. நுனியில் நாய்த்தலை வடிவ மூடி. மூடி இருந்தால் குவளை, கழற்றினால் ஊதுகொம்பு. கினூட் மன்னன் நிலத்தோடு கொடுத்த கொம்பு என்று அதில் பொறித்திருக்கிறது. கினூட் இங்கிலாந்தை ஆண்டது 1016 முதல் 1035 வரை, பட்டை வேலையோ 15-ஆம் நூற்றாண்டு. பொறிப்பின் வரலாற்றை நம்ப வேண்டியதில்லை. அந்தத் திருகுமூடியை நம்பலாம்.

காட்டுமல்லி

ஜெர்மன் வாதத்தை விட்டுவிடுகிறேன், சான்று தெளிவாக இருக்கிறது. ஆனால் இன்னொன்று. ‘ஃப்ளூகல்ஹார்ன்’ என்பது ‘ப்யூகல்ஹார்ன்’ திரிந்ததா? இரண்டும் இவ்வளவு ஒத்திருக்கின்றனவே?

நடுவெழுத்து

ஃப்ளூகல் என்றால் ஜெர்மனில் இறக்கை. படைக்கும் வேட்டைக்கும் ‘அணியின் பக்கம்’ என்ற பொருள் அதற்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டுப் பெருவேட்டைகளில் விலங்குகளை வளைத்து ஓட்டும் ஆள்வரிசையின் இரு பக்கங்களையும் நடத்தியவர் ‘ஃப்ளூகல்மைஸ்டர்’. அவர் ஊதிய கொம்பு ஃப்ளூகல்ஹார்ன். கருவி இறக்கை வடிவில் இருந்ததால் வந்த பெயர் என்பது பின்னால் கட்டிய கதை.

இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பியூகிள் ஹார்ன் என்பது எந்தப் பொருளால் ஆனது என்று சொல்கிறது. ‘வால்ட்ஹார்ன்’, காட்டுக்கொம்பு, எங்கே ஊதுவது என்கிறது. ஃப்ளூகல்ஹார்ன் ஊதுபவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. ‘ஆலிஃபண்ட்’ என்ற தந்தக் கொம்புக்கு யானையின் பெயரே பெயர். எல்லாவற்றிலும் ஹார்ன் ஒன்றுதான், முன்னொட்டின் உறவு வேறுவேறு. நம் வேற்றுமைத்தொகையை விரித்துப் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்க வேண்டும்.

உலோகத்துக்கு மாறிய கதையும் இங்கேதான். 1758-இல் ஹனோவரில் படைக்காகப் பிறைநிலா வடிவில் செம்புக் கொம்பு செய்தார்கள். 1764 வாக்கில் பிரிட்டிஷ் இலகு காலாட்படை அந்த வடிவை எடுத்துக்கொண்டது. 1810-இல் டப்ளினில் ஜோசப் ஹாலிடே சாவிகள் பொருத்திய பியூகிளுக்குக் காப்புரிமை பெற்றார். கொம்பு போய்விட்டது, எருது பெயரில் மட்டும் நின்றது. நம் கோயில் கொம்பும் அப்படித்தானே? செம்பிலும் வெண்கலத்திலும் செய்கிறோம், பெயர் கொம்புதான். ஒரு வேறுபாடு: நாம் ‘கொம்பு’ என்ற பின்பாதியை வைத்துக்கொண்டோம், அவர்கள் ‘எருது’ என்ற முன்பாதியை வைத்துக்கொண்டார்கள். குலச்சின்ன விவரிப்பில் மட்டும் இன்றும் ‘பியூகிள் ஹார்ன்’ என்று முழுமையாக எழுதுவது வழக்கம்.

செம்மண்

இந்தச் சொல்லில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொரு இடம். இலத்தீன் ‘போஸ்’, ஆங்கில ‘கவ்’, வடமொழி ‘கோ’ மூன்றும் ஒரே மூலம். தொடக்கத்தில் இதழ் குவித்த ககரம். வடமொழியில் ககரமாகவே நின்றது, ஜெர்மானியத்தில் வல்லினமாக இறுகியது, இத்தாலியில் இலத்தீனுக்கு அண்டை மொழிகளில் பகரமாயிற்று. அந்த அண்டை வடிவத்தைத்தான் இலத்தீன் கடன் வாங்கியது. அதுபோலவே ஆங்கில ‘ஹார்ன்’, இலத்தீன் ‘கோர்னு’, வடமொழி ‘சிருங்கம்’ ஒரே மூலம்.

ஆகவே ‘பியூகிள் ஹார்ன்’ என்பதை உறுப்புக்கு உறுப்பு வைத்தால் ‘கோசிருங்கம்’. கோசாலையின் ‘கோ’ பியூகிளின் முதல் எழுத்தில் இருக்கிறது. பார்வைக்கு ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லை, ஆனால் உறவு உண்மை. ப்யூகலுக்கும் பியூகிளுக்கும் எல்லா எழுத்தும் ஒத்துப்போகிறது, உறவு இல்லை.

சிருங்கம் என்றதும் இஞ்சியையும் சொல்ல வேண்டும். இஞ்சிக்கு வடமொழியில் ‘சிருங்கவேரம்’. கொம்புபோன்ற உடல் என்று பொருத்தமாகப் பிரித்துக் காட்டுவார்கள். உண்மையில் அது தென்னாட்டு ‘இஞ்சி வேர்’ வடக்கே போய்க் கொம்பு முளைத்த வடிவம். பொருள் அழகாக அமைந்துவிட்டாலே சொற்பிறப்பு ஆகிவிடாது என்பதற்கு நம் சமையலறையிலேயே இருக்கும் சான்று.

பனையோலை

தெளிவாகிவிட்டது. அப்படியானால் மொழிபெயர்ப்பில் ‘எருதுக்கொம்பு’ என்று போடலாமா? ‘ஆமான் கொம்பு’ என்பது எப்படி? சங்க நூல்களில் ஆமான் காட்டுப்பசுதானே?

செம்மண்

காலத்தைப் பொறுத்தது. சாசரின் ஜேனஸ் கையில் இருப்பதற்கு ‘ஆமான் கொம்பு’ மிக அழகாகப் பொருந்தும். காட்டுத்தன்மையும் பழமையும் ஒரே சொல்லில் வந்துவிடும். ஆனால் இங்கிலாந்தில் உண்மையான காட்டெருது வெண்கலக் காலத்திலேயே அற்றுப்போயிற்று. ஐரோப்பாவின் கடைசிக் காட்டெருது 1627-இல் போலந்தின் யாக்டோரூவ் காட்டில் இறந்தது. ஆகவே ஆங்கிலேய வேட்டைக்காரரின் கொம்பு நடைமுறையில் வீட்டு மாட்டினுடையதுதான். வேட்டைக் காட்சிக்கு ‘எருதுக்கொம்பு’ அல்லது வெறும் ‘ஊதுகொம்பு’ போதும். 1764-க்குப் பிந்திய படைக் காட்சியென்றால் ‘பியூகிள்’ என்றே எழுதுங்கள், வாசகர்களுக்குத் தெரிந்த சொல்.

நடுவெழுத்து

இரண்டு எச்சரிக்கைகள் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலிகைக் குறிப்புகளில் ‘பியூகிள்’ என்று ஒரு செடி வரும். அது ‘பூகுலா’ என்ற வேறு இலத்தீன் சொல், மாட்டோடு ஒட்டு உறவு இல்லை. அமெரிக்க நூல்களில் எல்க் மான் ‘பியூகிள் செய்கிறது’ என்று வந்தால், அது கருவியின் ஓசையிலிருந்து பிறந்த வினை, ‘பிளிறுகிறது’ போல ஒரு சொல் தேவை.

காட்டுமல்லி

பிரெஞ்சு மூலத்திலிருந்து பெயர்ப்பவர்களுக்கும் ஒன்று. பழைய பிரெஞ்சின் எருது ஆங்கிலம் போய்க் கருவியாகி, 19-ஆம் நூற்றாண்டில் ‘ப்யூக்ல்’ என்று பிரெஞ்சுக்கே திரும்பி வந்தது. ஆனால் இன்றைய பிரெஞ்சு இசைக்குழுவில் ‘ப்யூக்ல்’ என்றால் ஃப்ளூகல்ஹார்ன். படையில் ஊதும் பியூகிளுக்கு அவர்கள் சொல் ‘கிளெரோன்’. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் அணிவகுப்பில் தவறான கருவியை ஊதவைத்துவிடுவோம்.